தொட்டிக்கு வைத்த பொட்டு

குளிக்கிற தொட்டிக்குக் கால் உண்டு என்று எனக்குத் தெரியாது. கோபாலபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில்தான் அப்படி ஒன்றை முதலில் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம். அடியில் நான்கு இரும்புக் கால்கள். ஒவ்வொன்றும் சிங்கத்தின் பாதம் மாதிரி, நகத்தோடு இருந்தது. என் மனைவி வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

"இது எங்கேயும் நடந்து போயிராதுல்ல?" என்று அங்கிருந்தே எட்டி என் காதோரம் கேட்டாள்.

எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த வக்கீல் வீட்டம்மாளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஆனால் அதுவரை இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது.

அது யுத்த காலம். கடலோரத்தில் குண்டு விழப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, பட்டணம் பாதி காலியாகிவிட்டது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான் மயிலாப்பூரில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். வாங்க வருகிறவர்களிடம் நின்று பேசுவது எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. முதலாளி அதைப் புரிந்துகொண்டு, பாத்திரம் துலக்கி அடுக்குகிற வேலையைக் கொடுத்து என்னைக் கடையின் பின்புறத்திலேயே வைத்திருந்தார். வக்கீல் அவருக்குப் பழக்கமானவர். குடும்பத்தோடு கும்பகோணம் போவதாகவும், வீட்டைப் பார்த்துக்கொள்ள அதிகம் பேசாத ஆளாக ஒருவன் வேண்டும் என்றும் கேட்டாராம். முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம்.

நாங்கள் அப்போது ராயப்பேட்டையில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு கிணறு. கிணற்றடியில் மூன்று பக்கம் தட்டி கட்டி, நாலாவது பக்கம் ஒரு கோணிப் படுதா தொங்கும். அதுதான் பெண்கள் குளிக்கிற இடம். கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருக்கிறவர்கள் குளித்து முடிகிற வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டும். இருமல் கேட்டால் வெளியே இருப்பவர்கள் படுதாவைத் தொடமாட்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவி, விடியுமுன் எழுந்து, இருமி இருமித் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அவளுக்கு மார்ச்சளி என்று பக்கத்து வீட்டில் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் வீட்டம்மாள் போகும் முன்பு எங்களிடம் சொன்னது இதுதான்.

"நாங்க திரும்பி வரச்சே எல்லாம் இருக்கறபடி இருந்தா, பின்னால இருக்கற அறையிலேயே நீங்க இருந்துக்கலாம். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

வீட்டைப் பார்த்துக்கொள்கிற வரை நாங்கள் தங்க வேண்டிய அந்தப் பின்னறை தோட்டத்தின் கோடியில் தனியாக இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் குளியலறை. அதற்கு மரக்கதவு, உட்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். என் மனைவி அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை மாடியில் இருந்த தொட்டிதான். மேஜை நாற்காலியைத் துடைக்க யாருக்கும் தெரியும். இதை எப்படிப் பார்த்துக்கொள்வது? முன்பு அங்கே ஒரு வெள்ளைக்கார வியாபாரி குடியிருந்தாராம். வக்கீல் வீட்டை வாங்கியபோது தொட்டியும் அதோடு வந்தது. வக்கீலுக்கு அதன் மேல் உயிர். அவர் வீட்டம்மாளுக்கு ஆகாது. தன் அழுக்கிலேயே தான் படுத்து ஊறுவது ஒரு குளியலா என்பது அந்த அம்மாளின் கட்சி. இருந்தாலும் தினம் ஜன்னலைத் திறந்து வை, வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் துடை, குழாய்களுக்குத் தண்ணீர் வருகிற மொட்டை மாடித் தொட்டியைக் காயவிடாதே என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அந்த அறையில் போய் நின்றேன். தொட்டியின் அடியில் படுத்துக்கொண்டு தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை இருந்தது. அது எதற்கு என்று வெகுநேரம் புரியவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே தண்ணீரை நிறைய விட்டுக்கொண்டு நின்றேன். ஓட்டை வரை ஏறிய தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல், தொண்டைக்குள் இறங்குவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. போதும் என்று சொல்லத் தெரிந்த பாத்திரத்தை நான் எங்கள் கடையில் பார்த்ததில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, கிணற்றிலிருந்து அவ்வளவு தண்ணீரை மேலே ஏற்ற நான் பம்பை அடித்த நேரத்தில் இரண்டு குடித்தனம் குளித்திருக்கும் என்றாள்.

தொட்டிக்கு நேர் மேலே சுவரிலிருந்து ஒரு குழாய் வளைந்து வந்தது. அதன் முனையில் பூவாளி மூக்கைப் போல ஒரு பித்தளைத் தட்டு. அதுதான் ஷவர். திறந்தால் மழை வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மூன்று நூல்தான் வந்தது. அதில் ஒரு நூல் தொட்டிக்குள் விழாமல் பக்கத்துச் சுவரை நனைத்தது. வந்த நாளிலிருந்து அது அழுதுகொண்டுதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே என்று அந்த அம்மாளே சொல்லியிருந்தார். ஆனால் பித்தளை என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். தட்டைத் திருகிக் கழற்றினேன். உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு. கடையில் பழைய பாத்திரத்துக்குச் செய்வதைப் போலப் புளியைக் கெட்டியாகக் கரைத்து அதில் ஊறப்போட்டேன். மறுநாள் உப்பு உரிந்து வந்தது. விளக்குமாற்று ஈர்க்கால் ஒவ்வொரு கண்ணாகக் குத்திவிட்டு, மறுபடி மாட்டித் திறந்தேன்.

மழை வந்தது. ஐப்பசி மாசத்து மழை மாதிரி, எல்லாக் கண்ணிலிருந்தும் ஒரே சீராக. என் மனைவி ஓடி வந்து கையை மட்டும் நீட்டி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளிருந்தும் இருமல் கேட்டது.

"உள்ளே யாரு வரப்போறா? ஏன் இருமுறே?" என்று பிறகு கேட்டேன்.

"தண்ணி பட்டா தன்னால வருது," என்றாள்.

புளி செய்த அந்த அற்புதத்தை இரண்டு பேருமே பார்த்திருந்தோம். அதுதான் பிறகு வினையாயிற்று.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரர்கள் இல்லாவிட்டாலும் அவர்கள் சாமான்களுக்குப் பூஜை இல்லாமல் போகக் கூடாது என்று என் மனைவி தீர்மானம் செய்துவிட்டாள். அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை, கிணற்றடிப் பம்பு, வக்கீலின் சட்டப் புத்தக அலமாரி எல்லாம் துடைத்தாயிற்று. தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே பழுப்பாக ஒரு கோடு இருந்தது. அது நாங்கள் வந்தபோதே இருந்ததுதான். ஈரத்துணிக்குப் போகாமல் அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எந்தப் பாத்திரமானாலும் புளி போட்டுத் தேய்த்தால்தான் தேய்த்ததாக மனசு ஒப்பும். அவள் பானையிலிருந்த புளியை அரைத்துத் தொட்டி முழுக்கப் பூசி, மத்தியானம் வரை ஊறவிட்டாள். பிறகு செங்கல் பொடியைத் தூவித் தேங்காய் நாரால் தேய்த்தாள். நான் கடையிலிருந்து வந்தபோது தொட்டிக்குள் இறங்கி முழங்காலிட்டுக் கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புக் கோடு போய்விட்டது. கை வெந்துபோயிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஈரத்தில் தொட்டி நன்றாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தொட்டிக்கும் தலைமாட்டில், உள்பக்கம், சந்தனம் வைத்து அதன் நடுவே ஒரு குங்குமப் பொட்டு. ஒரு சாமந்திப் பூவையும் விளிம்பில் வைத்தாள்.

மறுநாள் எல்லாவற்றையும் துடைத்தாள். அம்மியில் போயிற்று, அலமாரியில் போயிற்று. தொட்டியில் சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. அவள் கூப்பிட்டதும் நான் போய் விரலால் தடவிப் பார்த்தேன். முன்பு அந்தத் தொட்டியைத் தடவினால் விரல் நிற்காமல் ஓடும். இப்போது சிலேட்டைத் தடவுவது போல இருந்தது. காய்ந்த தொட்டியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. எங்கேயும் மினுமினுப்பு இல்லை. வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரின் வெள்ளை.

"தேய்ச்சதுல தோல் போயிருச்சு போல," என்றாள். பிறகு, "தீபாவளிக்கு வந்துருவாகளா?" என்று கேட்டாள்.

குண்டு பயம் தணிந்து ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். வக்கீல் குடும்பமும் தீபாவளிக்கு முன் வந்துவிடும் என்று முதலாளி அந்த வாரமே சொன்னார். என் மனைவி பின்னறைக் குளியலறைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அதைவிட, அது என்ன பூச்சு, ஏன் போயிற்று, திரும்ப வருமா என்ற எண்ணம்தான் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் கடைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற பாய் ஒருவர் ராயப்பேட்டையில் இருந்தார். அவரிடம் மட்டும் எனக்குப் பேச வரும், ஏனென்றால் பேச்சு முழுவதையும் அவரே பேசிவிடுவார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"நைனா, இது பூச்சு இல்ல. கண்ணாடிய உருக்கி இரும்பு மேல ஊத்திக்கீறான். இது பழையபடி ஆவணும்னா ஒரே வழிதான் கீது. இந்த வூட்டையே அடுப்பாக்கி தொட்டிய உள்ள வெச்சுக் கொளுத்தணும்."

என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரலை இறக்கிக்கொண்டார். எனாமல் குவளை கீறினால் யாராவது ஈயம் பூசக் கொண்டுவருகிறார்களா, அப்படியேதானே வைத்துக் குடிக்கிறார்கள் என்று ஆறுதலாகக் கேட்டார். அடையாற்றில் துரைமார் பங்களாக்களில் இந்த மாதிரித் தொட்டி நிறைய உண்டு, அங்கே துடைக்கிறவர்களைக் கேள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடையாற்றில் ஆற்றோரம் ஒரு பங்களாவுக்கு எங்கள் கடையிலிருந்து பாத்திரம் போவதுண்டு. ஒரு அண்டாவைக் கொண்டுபோகும் சாக்கில் நானே போனேன். கேட் வரை போவேன், கூப்பிட நாக்கு எழாது, அண்டாவோடு திரும்பி மரத்தடியில் நிற்பேன். கடைசியில் அங்கிருந்த பட்லரே வெளியே வந்து, வாசலில் அண்டாவை எதற்கு உலாத்துகிறாய் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புளி போட்டு ஊற வெச்சியா? கூடவே நாலு வஞ்சிரம் போட்டிருந்தா கொழம்பாவது ஆயிருக்கும்."

சிரித்து முடித்ததும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். புளிப்பும் மண்ணும் இந்தத் தொட்டிக்கு ஆகவே ஆகாது என்றார். துரை குளித்து எழுந்ததும், தொட்டியில் சூடு ஆறும் முன்பே, சோப்புத் துணியால் துடைத்துக் கழுவி, ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டுமாம். எண்ணெய்ப் பிசுக்கு வளையம் கட்டினால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு, பிறகு சோப்பு. போன மினுக்கு வராது. மினுக்குப் போன தொட்டி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அந்த அழுக்கை ஒரு நாள்கூடக் காயவிடக் கூடாது என்றும் சொன்னார். அவருடைய துணிகள் ஒரு கொடியில் வரிசையாகத் தொங்கின. சோப்புக்கு ஒன்று, ஒற்ற ஒன்று, குழாய்க்கு ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். அவர்தான் அண்டாவை வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

போனது வராது என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் திரும்பிப் போனபோது தொட்டி மின்னிக்கொண்டிருந்தது. முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே மின்னியது. என் மனைவி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு முழுக்கத் தடவியிருந்தாள். குங்குமப் பொட்டு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும். பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்குக்கூட ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

அவள் மட்டும் சந்தோஷமாக இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். கால் சர்ரென்று போயிற்று. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஐயா கால வச்சா என்ன ஆகும்?" என்றாள். "ரூம்பு போனாப் போகட்டும்."

சீயக்காய்த் தூளைக் கொண்டுவந்து, தடவிய எண்ணெயை எல்லாம் அவளே தேய்த்து எடுத்தாள். தொட்டி மறுபடி மங்கிப்போயிற்று. சாமான்களை ராயப்பேட்டைக்கு எடுத்துப்போகத் தோதாக மூட்டை கட்டியும் வைத்துவிட்டாள்.

வக்கீல் குடும்பம் தீபாவளிக்கு முந்தைய நாள் காலை வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் கூடம், சமையலறை, பூஜை அறை எல்லாம் பார்த்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நிற்கிற தைரியம் என் மனைவிக்குத்தான் இருந்தது.

"என்னடிம்மா இது, செவப்பா?"

"பூஜைக்கு வச்ச பொட்டும்மா. போகல. புளி போட்டுத் தேய்ச்சேன், மினுக்குப் போயிருச்சு. கேட்டுப் பாத்தோம், திரும்ப வராதாம்."

அந்த அம்மாள் குனிந்து தடவிப் பார்த்தார். "தொட்டிக்குப் பொட்டு வெச்சவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார். குரலில் கோபமா வேறெதுவுமா என்று கதவுக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. இது தன் வீட்டுக்காரர் ஆசையாக வைத்துக்கொண்டிருந்தது, அவர் பார்க்கட்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் மூட்டையை அவிழ்க்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் வக்கீல் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு மாடிக் குளியலறைக்குள் போனார். ஷவரைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர. அதற்குப் பிறகு பாட்டு. சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. இந்த வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லையே என்று அந்த அம்மாள் மாடிப்படியில் நின்றபடி சொன்னார். மொட்டை மாடித் தொட்டி காலியாகிவிடுமோ என்று நான் போய்ப் பம்பை அடித்தேன்.

அவர் துண்டோடு வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். ஷவரை யார் சரி பண்ணியது என்று கேட்டார். அதுவும் புளிதான் என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். தொட்டியைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அன்று அவர் அதில் படுக்கவே இல்லையாம், ஷவரின் கீழே நின்றே குளித்தாராம்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், தொட்டியில் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து கொட்டிக் கிடந்தன. மினுக்குப் போன இடமெல்லாம் அதைக் குடித்து, ஏதோ ஒரு தேசத்தின் படம் போலப் பழுப்பாக இருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, என் மனைவி மண்ணெண்ணெய்த் துணியோடு இறங்கிவிட்டாள். ஒரு இழுப்பு, பிறகு சோப்பு, பிறகு வெந்நீர், பிறகு உலர்ந்த துணி. பட்லர் சொன்ன வரிசை மாறவில்லை. பழுப்பு போயிற்று. பொட்டு மட்டும் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் இப்படிப் போகுமா?"

"உடனே தொடைச்சாப் போகும்மா. காய விட்டா நின்னுரும்."

"அப்போ தினம் அவர் குளிச்சு எழுந்த கையோட தொடைக்கணும்."

"ஆமாம்மா. நான் தினம் ராயப்பேட்டையிலிருந்து வந்து தொடைச்சுட்டுப் போறேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ராயப்பேட்டையிலேர்ந்து வரதுக்குள்ள காஞ்சுடாதோ? அசடு மாதிரிப் பேசறயே. போய் மூட்டையை அவுரு."

அன்றும் கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, பல்லியாட்டம் ஒட்டிண்டு நிக்காம, அவருக்கு ஷவர் தண்ணி தீராம பாத்துக்கோ என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் பின்னறையில் சாமான்களை அடுக்கிவிட்டு என் மனைவி குளிக்கப் போனாள். அங்கே ஷவரும் இல்லை, சிங்கப் பாதமும் இல்லை. ஒரு வாளியும் சொம்பும்தான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. முதல் சொம்புத் தண்ணீர் கேட்டது, இரண்டாவது கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்து, இப்போது இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் மட்டும் நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது.